வடிவாகப் பாருங்கள்: திருகோணமலையின் அன்றாட வாழ்விலிருந்து டிசைன் யோசனை எடுப்பது எப்படி

தம்பலகாமம் பக்கத்திலிருந்து ஒரு தயிர்க்காரர் எங்கள் டிசைன் ஸ்டூடியோவுக்கு வந்தார். எருமைத் தயிரை மண்சட்டியில் விற்றுப் பழகிய குடும்பம். கடைகளின் குளிர்பெட்டிக்குள் அடுக்குவதற்கு வசதியாகச் சின்ன பிளாஸ்டிக் கப்பிலும் போடப் போகிறோம், அதற்கு ஒரு லேபிள் வேண்டும் என்றார். நாங்கள் நான்கு பேர். மூன்று நாள் கணினிக்கு முன்னால் இருந்து வெளிநாட்டுத் தயிர்க் கப்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் எங்கள் கையில் வந்தது, பிளாஸ்டிக் கப்பின் மேல் ஒரு மண்சட்டிப் படம்.

அவர் கோபப்படவில்லை. "வடிவா இருக்கு தம்பி. ஆனா இதில எங்கட தயிர் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் விடியவே அவருடைய இடத்துக்குப் போனோம். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஓரமாக நின்று பார்த்தோம். வாங்க வந்த ஒருவருக்கு முன்னால் அவர் ஒரு சட்டியைத் தூக்கி அப்படியே சரித்துக் காட்டினார். தயிர் அசையவே இல்லை. வாங்க வந்தவர் தலையாட்டிவிட்டுக் காசை எடுத்தார். விலை பேசவும் இல்லை, ருசி பார்க்கவும் இல்லை. மண்சட்டி தயிரிலிருக்கும் நீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் தயிர் இறுகும். இறுகிய தயிர்தான் நல்ல தயிர் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தச் சரிப்பு ஓர் அத்தாட்சி. பிளாஸ்டிக் நீரை உறிஞ்சாது என்பதால், கப்புக்கான பாலை இன்னும் கூடுதல் நேரம் காய்ச்சி வற்ற வைத்தே உறை ஊற்றுகிறேன் என்று அவர் சொன்னதும் அந்த நேரம்தான்.

திரும்பி வந்து செய்த லேபிளில் பெயர் தலைகீழாக அச்சானது. கப்பைக் கவிழ்த்தால்தான் நேராக வாசிக்கலாம். மூடி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். கவிழ்த்தவர் பெயரை வாசிக்கும்போதே தயிர் அசையாமல் நிற்பதும் கண்ணில் படும். சட்டிப் படம் எங்கும் இல்லை. சட்டியின் வேலை இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஸ்டூடியோவில் யோசனை தேடும் முறையே மாறியது. பண்பாட்டிலிருந்து உருவத்தை எடுப்பது சுலபம்: கோலம், தாமரை, மயில், கோபுரம். ஆனால் அவை ஏற்கனவே எல்லோர் கையிலும் இருக்கின்றன. அந்த உருவம் ஏன் அப்படி வந்தது என்ற காரணத்தை எடுத்தால், கிடைப்பது உங்களுக்கு மட்டும் கிடைத்ததாக இருக்கும். இந்த முறையை நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். திருகோணமலையை வைத்துத்தான் எழுத முடியும், எனக்குத் தெரிந்த ஊர் இது. மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ இருப்பவர் தன் ஊர்ப் பெயர்களைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேச்சில் 'வடிவு' என்றால் அழகு. 'வடிவாப் பார்' என்றால் கவனமாக, ஒன்றும் விடாமல் பார் என்று அர்த்தம். வீட்டில் திறப்புத் தொலைந்தால் அம்மா "வடிவாத் தேடிப் பார்" என்றுதான் சொல்வார். வடிவமைப்பாளர்களுக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது.

படி 1: வேலையை ஒரு வினையாக மாற்றிக்கொள்ளுங்கள்

வாடிக்கையாளர் தரும் பிரீஃப், அதாவது என்ன வேண்டும் என்ற வேலைக் குறிப்பு, பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல்லாக இருக்கும். லோகோ, மெனு, பெட்டி, பலகை. பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு வெளியே போனால் அதே பெயர்ச்சொல்தான் கண்ணில் படும். லோகோ தேடுபவர் லோகோக்களையே பார்ப்பார். ஆகவே கதவைத் திறந்து வெளியே போகும் முன் அதை ஒரு வினையாக, ஒரு கேள்வியாக மாற்றி எழுதுங்கள்.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வேலை வந்தது. கடல், தென்னை, சூரியன் மூன்றும் வர வேண்டும் என்றார்கள். அந்தக் கரையில் எத்தனை விடுதி இருக்கிறதோ அத்தனைக்கும் கடலும் தென்னையும் சூரியனும் இருக்கின்றன. நாங்கள் எழுதிய கேள்வி: இந்த ஊரில் ஒருவரை எப்படி வரவேற்கிறார்கள்?

இந்தக் கேள்வியோடு இரண்டு கிழமை சுற்றினோம். தமிழர் கல்யாண வீட்டு வாசலில் நிறைகுடம், பன்னீர்ச்செம்பு, சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் வைத்த தட்டம். கிண்ணியாவில் நண்பரின் வீட்டில் பெருநாளன்று வட்டிலப்பம். விருந்தில் எல்லோரும் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். சிங்கள நண்பரின் வீட்டில் மூத்தவருக்கு வெற்றிலையை இரு கையாலும் நீட்டினார்கள். சாதாரண நாளில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பிளேன்டீ, அதுவும் தட்டில் வைத்தே வரும். மூன்று சமூகமும் வாழும் ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வரவேற்கிறார்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஒரு தட்டு இருந்தது, அல்லது தட்டைப் போல விரிந்த கை இருந்தது. வருபவருக்கு முன்னால் எதையாவது நீட்டுகிறார்கள்.

விடுதிக்கான சின்னம் நடு வெறுமையாக இருக்கும் ஒரு வட்டமானது. அறைத் திறப்பைக் கொடுக்கும்போது அந்த வட்டத்தில் திறப்பு. காலைச் சாப்பாட்டு அட்டையில் இடியப்பம். பில்லில் தொகை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை நீட்டுகிற மாதிரி. கடல் வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் கடல்தானே.

மீன் கடைக்கு வேலை என்றால், 'நல்ல மீனை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?' என்று கேளுங்கள். சந்தையில் நின்றால் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கும் விரல்கள் தெரியும். அந்தச் சிவப்பு ஒன்றே போதும், ஒரு கடையின் முழு நிறத் திட்டத்துக்கும்.

படி 2: ஒரு வீதி, ஒரு மணி நேரம்

ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். ஒரு வீதியை எடுங்கள், ஒரு மணி நேரம் வையுங்கள். முதல் அரை மணி நேரம் போன் பைக்குள் இருக்கட்டும். படம் எடுக்கத் தொடங்கினால் படத்துக்கு நன்றாக வருவதை மட்டுமே கண் தேடும். தயிர்க்காரரின் சரிப்பு எந்தப் புகைப்படத்திலும் அழகாக வராது.

நேரம் முக்கியம். மீன் சந்தைக்கு விடியற்காலை. பஸ் நிலையத்துக்குப் பள்ளிக்கூடமும் கந்தோரும் தொடங்கும் முன்னான காலை நேரம். மத்திய வீதிக்கும் டொக்யார்ட் வீதிக்கும் பின்னேரம், வெயில் தாழ்ந்து கடைப் பலகைகளில் விளக்கு எரியத் தொடங்கும்போது. கரைவலை இழுப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மீனவர் யாரையாவது முதலே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கயிற்றுத் தொங்கலிலும் ஆட்கள் நின்று ஒரே தாளத்தில் இழுப்பார்கள். அந்தத் தாளத்துக்காகவே அம்பாப் பாட்டு உண்டானது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அந்த இடைவெளி, வீடியோ வெட்டும் எவருக்கும் பாடம்.

பிரெட்றிக் கோட்டைக்குள் திருக்கோணேஸ்வரத்துக்குப் போகும் வழியும் நல்ல நடை. 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். கோட்டை வாசலில் ஒரு கல்லில் தமிழ் எழுத்தும் மீன் சின்னமும் இன்னும் தெரியும். தினமும் ஆட்டோவும் வானும் அதைக் கடந்து போகின்றன. ஒரு நாள் இறங்கி நின்று அந்த மீனின் கோடுகளைப் பாருங்கள். கல்லில் வெட்டியவர் எத்தனை குறைந்த கோடுகளில் முடித்திருக்கிறார் என்பது புரியும். உள்ளே மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும், எழும்பி வழி விடாது. சுற்றுலா வருபவர்கள் மானைப் படம் எடுப்பார்கள். மானுக்கு மனிதர்கள் வழிவிட்டுப் போகும் விதத்தை நீங்கள் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம் இருக்கிறது. அந்த இடங்களில் கமராவை எடுக்காதீர்கள். அனுமதி இல்லாத இடம் என்ற பலகையைக் கண்டால் கொப்பியையும் மூடிவிட்டு நடந்துவிடுங்கள்.

படி 3: ஒரு பொருளை எடுத்து விசாரியுங்கள்

சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958 இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961 இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது அதன் விளைவாகத்தான். அந்த அறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்து எழுதிய பொருள் ஒரு செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி இருக்கும், ஊற்றும்போது எப்படி விழும், கழுவ எப்படி, தட்டினால் என்ன சத்தம், பழசானால் விற்கலாமா என்று வரிசையாகக் கேள்வி கேட்டிருந்தார்கள். தனி ஒருவர் யோசித்து உருவாக்கியதல்ல அது, பல தலைமுறைக் கைகள் பட்டுப் பட்டு வந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதே விசாரணையை உங்கள் குசினியில் செய்யலாம். நீத்துப்பெட்டியை எடுங்கள். பனையோலையில் பின்னிய கூம்பு. ஏன் கூம்பு? பானை வாய் எந்த அளவாக இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் பொருந்தி உட்காரும். ஏன் ஓலை? பின்னலின் இடுக்கால் ஆவி போகும், பிட்டு விழாது. கவிழ்த்தால் பிட்டு தன் உருவத்தோடு தட்டில் இறங்கும். ஒரே பொருள் பல அளவுப் பாத்திரங்களுக்குப் பொருந்துகிறது என்பதை அச்சு வேலைக்குக் கொண்டுவந்து பாருங்கள்: பல அளவுப் போத்தல்களுக்கு ஒரே லேபிள், கூம்பு விரிப்பு வடிவில் வெட்டியது. வாசனை எண்ணெய் விற்கும் ஒருவருக்கு நாங்கள் அப்படிச் செய்தோம், அச்சுச் செலவு அவருக்குக் கணிசமாகக் குறைந்தது.

எங்கள் கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் மட்டும். மேலே சின்னப் படம், கையால் வரைந்தது. கீழே நான்கு வரி: யார் பயன்படுத்துகிறார், எந்தக் கை எப்படிப் பிடிக்கிறது, என்ன சத்தம், அது இல்லாவிட்டால் என்ன செய்வார்கள். கடைசிக் கேள்விதான் அதிகம் சொல்லும். வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம், வரையும்போது கண் மெதுவாகப் போகிறது, அதற்காகத்தான் வரைகிறோம். பெயர்பூட் கைத்தறியை 1964 இல் தொடங்கிய பார்பரா சன்சோனியும் இந்த நாட்டின் சாதாரணக் கட்டடங்களை ஊர் ஊராகப் போய் வரைந்து வைத்தவர்தான். அவருடைய துணிகளின் நிறத்தைப் பார்க்கும்போது வரைந்து பழகிய கண் தெரிகிறது.

படி 4: கேட்பதற்கு முன் வாங்குங்கள்

பார்த்ததை விளங்கிக்கொள்ள ஆட்களோடு பேச வேண்டும். கச்சான் விற்கும் அம்மாவிடம் "இந்தச் சுருளை எப்படி மடிக்கிறீங்க?" என்று கேட்பதற்கு முன் ஒரு சுருள் கச்சான் வாங்குங்கள். அதுதான் மரியாதை. கூட்ட நேரத்தில் கேட்காதீர்கள். வயதுக்கும் இடத்துக்கும் ஏற்றபடி ஐயா, அம்மா, அக்கா, நானா என்று கூப்பிடுங்கள். நான் டிசைனர் என்று தொடங்கினால் அவர்கள் விறைத்துப் போவார்கள். "உங்களிட்ட இருந்து பழக வந்தனான்" என்றால் வாய் திறப்பார்கள். அது பொய்யும் இல்லை.

'ஏன்' என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "அப்படித்தான் செய்யிறது" என்ற பதில் வரும். "வேற மாதிரிச் செய்தா என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். அந்த அம்மா சுருளின் அடியை ஒரு திருகு கூடுதலாகத் திருகுவார். அப்படித் திருகாவிட்டால் கோயில் கூட்டத்தில் இடிபடும்போது கச்சான் கொட்டும் என்று அப்போதுதான் சொன்னார்.

படி 5: காரணத்தைத் தனியே எடுத்து வையுங்கள்

இதுதான் கடினமான இடம், இங்கேதான் பலர் திரும்பவும் உருவத்துக்கே போய்விடுகிறார்கள். கொப்பியில் இருப்பதை ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள், அந்த வாக்கியத்தில் பொருளின் பெயர் வரக் கூடாது.

கன்னியா வெந்நீரூற்றை எடுத்துக்கொள்வோம். ஏழு கிணறு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, எல்லாம் சதுரம். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. போகும் பிள்ளைகள் எல்லாம் ஒன்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு மற்றதுக்கு ஓடுவார்கள். கன்னியாவை வைத்து டிசைன் செய் என்றால் உடனே ஏழு சதுரம் வரைவோம், ஆவி வரைவோம். காரணத்தை எழுதினால் இப்படி வரும்: 'வெளியே எல்லாம் ஒன்றுபோல இருப்பதால், உள்ளே இருக்கும் ஒரே ஒரு வித்தியாசம் ஆவலைத் தூண்டுகிறது.' இந்த வாக்கியத்தில் கிணறு இல்லை, தண்ணீரும் இல்லை. இதை மிளகாய்த்தூள் பைக்குக் கொண்டுபோகலாம். காரம் கூடியது, குறைந்தது என்று பல வகை. எல்லாப் பையும் ஒரே எழுத்து, ஒரே அமைப்பு. ஒரே ஒரு நிறப் பட்டை மட்டும் மாறும். கடைத்தட்டில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கும்போது கை ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகும்.

இன்னொன்று சூன் பாண். பாண், பணிஸ் ஏற்றிய முச்சக்கரவண்டி பீத்தோவனின் பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். அந்த வண்டியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் குசினிக்குள் நிற்பவருக்குக்கூட வண்டி எந்த மூலையில் திரும்புகிறது என்று தெரியும். வாக்கியம்: 'வாங்குபவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தால், முதலில் காதுக்குப் போ.' வீட்டுக்கு வீடு போகும் எந்தச் சேவைக்கும் லோகோவுக்கு முன் ஒரு சத்தம் யோசிக்கலாம். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு, தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருபவருக்கு.

வாக்கியம் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். இன்னொரு வேலைக்கு அது உதவும்.

படி 6: எழுத்தைத் தமிழிலிருந்து தொடங்குங்கள்

இதைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாக எழுதத்தான் போகிறேன், எனக்கு மிகவும் மனத்தாங்கலான விஷயம் இது. இங்கே ஒரு பலகை என்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும். நடைமுறையில் ஆங்கிலத்தை முதலில் அழகாக அமைத்துவிட்டு, மீதி இடத்தில் மற்ற இரண்டையும் நெரிக்கிறோம். தமிழ்ச் சொற்கள் நீளம். மேலே இகர ஈகார விசிறிகளும் புள்ளிகளும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இடம் கேட்கும். அதனால் எழுத்து சிறுத்துப்போகும், வரிகள் முட்டும். பிறகு தமிழ் எழுத்து வடிவில்லை என்று சொல்வோம்.

மாற்றிச் செய்து பாருங்கள். தமிழை முதலில் வையுங்கள். அது கேட்கும் அகலத்தையும் வரி இடைவெளியையும் கொடுங்கள். ஆங்கிலம் எப்படியும் உள்ளே அடங்கும், சிங்களத்துக்கும் அதே இடைவெளி பெரும்பாலும் பொருந்தும்.

எழுத்துருவுக்கான ஊற்று வீதியிலேயே இருக்கிறது. கையால் எழுதிய பழைய கடைப் பலகைகள், போட்டுகளின் பக்கத்தில் வண்ணத்தில் எழுதிய பெயர்கள், தனியார் பஸ்ஸின் நெற்றி, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், கல்லறைக் கற்கள். தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகு ணை, லை, ளை, னை எழுத்துகளின் துதிக்கை போன்ற பழைய கொம்பு அச்சிலிருந்து மறைந்தது. பழைய கல்லிலும் பலகையிலும் அதைத் தேடிப் பாருங்கள். 'திருகோணமலை' என்ற சொல்லின் கடைசி எழுத்தே அப்படித்தான் முடிந்தது. அந்த வளைவைப் பார்த்த பிறகு எங்கள் ஊர்ப் பெயரை என்னால் பழைய மாதிரி டைப் செய்துவிட்டுப் போக முடியவில்லை.

வீதி எழுத்து டிசைனாக மாறியதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சுவர்களில் விளம்பரம் ஒட்டாதே என்று அச்சுத்தகடு வைத்து அடிக்கும் எழுத்தைப் பார்த்து, கொழும்பின் மூனியாக் குழு 'ஸ்டிக் நோ பில்ஸ்' என்ற எழுத்துருவைச் செய்தது. சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும். அதே போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றை எங்கள் பக்கத்துச் சுவர்களிலிருந்து யாராவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. இங்கே அச்சகங்களில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் ஓடுகிறது. பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மூலப் பிரதியை எப்போதும் யூனிகோடில் வைத்துக்கொள்ளுங்கள், அச்சகம் கேட்டால் மட்டும் கடைசியில் மாற்றிக் கொடுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

படி 7: எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கல்யாண மண்டபத்துக்கு நாங்கள் தென்னோலைத் தோரணத்தை வைத்து அழைப்பிதழ் மாதிரி ஒன்று செய்தோம். குருத்தோலையில் குருவி மடித்துத் தொங்கவிடும் தோரணம். எங்கள் இளையவர் இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து மிக நேர்த்தியாக வரைந்தார். அச்சுக்குப் போகும் முன் எங்கள் கட்டடத்தில் கூட்டித் துடைக்கும் அம்மா சுவரில் அதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "தம்பி, இது செத்தவீட்டுத் தோரணம்" என்றார். நல்ல காரியத்துக்கு நான்கு குருவி, தலை மேலே பார்க்கும். துக்கத்துக்கு மூன்று குருவி, தலை கீழே. வரைந்ததில் மூன்று இருந்தது, எல்லாம் கீழே பார்த்தது. அந்த அம்மா அன்று வராமல் இருந்திருந்தால் ஒரு குடும்பத்தின் கல்யாணத்தில் எங்கள் கையால் துக்கம் போயிருக்கும். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறும்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு கட்டாய விதி: சடங்கோடு தொடர்புள்ள எதுவும், அந்தச் சடங்கைச் செய்து பழகிய மூத்தவர் ஒருவர் பார்க்காமல் வெளியே போகாது. கோயில் விஷயத்தைக் கோயில் ஆளிடமும், பள்ளிவாசல் விஷயத்தை அங்கே போகிறவரிடமும், பன்சலை விஷயத்தைப் பௌத்தரிடமும் காட்டுகிறோம். தெய்வ உருவங்களையும் மறை வசனங்களையும் பொதி உறைகளில் போடுவதில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அந்த உறை குப்பைக்குத்தான் போகும், வீதியில் மிதிபடும்.

உரிமையும் இருக்கிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தனி ஒருவரின் படைப்பை மட்டும் பாதுகாப்பதில்லை. நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிகத்துக்காகவும் வழக்கத்துக்கு வெளியேயும் பயன்படுத்துவதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பெரிய வேலை என்றால் சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள். சட்டத்தை விட்டாலும், பலகை எழுதும் ஒருவரின் எழுத்தைப் படம் பிடித்து அப்படியே கணினியில் வரைந்து விற்பது சரியில்லை. அந்த எழுத்து வேண்டுமென்றால் அவரையே கூலி கொடுத்து எழுதச் சொல்லுங்கள், பெயரும் போடுங்கள். பிளெக்ஸ் அச்சு வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. எங்கள் பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரி எப்போதும் இருக்கும்.

படி 8: ஒரு பெட்டி, ஒரு நாட்காட்டி

பொருட்களை ஒரு மட்டைப் பெட்டியில் சேருங்கள்: கச்சான் சுருள், பஸ் டிக்கெட், லொத்தர்ச் சீட்டு, கயிற்று முடிச்சு, ஒரு சின்னப் போத்தலில் புல்மோட்டைக் கறுப்பு மணல். இல்மனைட் கலந்த அந்த மணலின் கறுப்பு எந்த நிற அட்டையிலும் நான் பார்க்காத கறுப்பு. கணினியில் ஃபோல்டர் வைப்பதானால் பொருளின் பெயரால் வைக்காமல் வினையின் பெயரால் வையுங்கள்: 'மூடுவது', 'எண்ணுவது', 'கூப்பிடுவது', 'நீட்டுவது'. அடுத்த வேலை வரும்போது அப்படித்தான் தேடுவீர்கள்.

நாட்காட்டியில் வேலை நாட்களோடு ஊரின் நாட்களையும் குறியுங்கள். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலுக்கு வாசல் நிறைகுடமும் கோலமும் தோரணமும் இருக்கும். ஒரே ஊர்வலத்துக்கு ஒவ்வொரு வீடும் வேறு வேறு விதமாகத் தயாராகும் அந்த இரவுகளை விடாதீர்கள். நோன்பு மாதத்துப் பின்னேரக் கடைகள், வெசாக் கூடுகள், தைப்பொங்கல் விடியல். காற்றையும் குறியுங்கள். கச்சான் காற்று, அதாவது தென்மேல் காற்று, அடிக்கும் மாதங்களில் இந்தக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், நிறம் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே. மாரியில் அதே கடல் ஈயம். கோடையில் எடுத்த நிறத்தை வைத்து மார்கழியில் வரும் விளம்பரத்தைச் செய்தால் ஊரில் இருப்பவர்களுக்கு அது வேறு எங்கோ உள்ள கடலாகத் தெரியும்.

படி 9: மேசையில் பொருளை வையுங்கள், பிறகு கடைக்குக் கொண்டுபோங்கள்

வாடிக்கையாளருக்குக் காட்டும் நாளில் திரையை உடனே திறக்காதீர்கள். பொருளை முதலில் மேசையில் வையுங்கள். தயிர்க்காரர் இரண்டாவது முறை வந்தபோது அவருடைய சட்டியைத்தான் நடுவில் வைத்தோம். "நீங்க இதைச் சரிக்கிறது ஏன்?" என்று கேட்டோம். அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் கவிழ்த்த கப்பை வைத்தோம். விளக்கம் தேவைப்படவில்லை.

அதோடு விடவில்லை. வீட்டு பிரிண்டரில் எடுத்த லேபிளை ஆறு கப்பில் ஒட்டி, என்.சி. வீதியில் தெரிந்த ஒரு கடையில் கேட்டு, குளிர்பெட்டியில் வைத்தோம். கடைக்காரருக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு பிளேன்டீயோடு வாங்கில் உட்கார்ந்தோம். முதலாமவர் எடுத்து, எழுத்துத் தலைகீழாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அச்சுப் பிழை என்று திரும்ப வைத்தார். இரண்டாமவரும் அப்படியே. அன்றிரவே மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன வரியைச் சேர்த்தோம்: 'சரிச்சுப் பாருங்கோ.' அடுத்த நாள் மூன்றாவதாக வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கப்பைக் கவிழ்த்தாள், பெயரை வாசித்தாள், இன்னும் ஒருமுறை கவிழ்த்தாள், பிறகு பக்கத்தில் நின்ற தாயிடம் நீட்டினாள்.